90 சதவீதம் அழிந்த ரெஜிமெண்ட் அப்பமாட்டாக்ஸுக்கு எப்படி வந்தது?

கேள்வியை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க உள்நாட்டுப் போரில் தெற்குத் தரப்பான கான்ஃபெடரேட் படையில் இருந்த 26ஆவது வட கரோலினா காலாட்படை ரெஜிமெண்ட், 1863 ஜூலையில் கெட்டிஸ்பர்க்கில் நடந்த மூன்று நாள் சண்டையில் 90 சதவீதம் அழிந்துபோனதாக ஒரு காணொளியில் கேட்டிருக்கிறீர்கள். அதே ரெஜிமெண்ட் 1865 ஏப்ரலில், போரின் முடிவில், அப்பமாட்டாக்ஸில் சரணடைந்ததாக வேறோர் இடத்தில் படித்திருக்கிறீர்கள். அழிந்த படை இரண்டு வருஷம் கழித்து எப்படி வந்து சரணடைய முடியும், இதில் எது பொய் என்பது உங்கள் சந்தேகம். கூடவே, அந்த மூன்று நாட்களை விட்டால் மீதிப் போர் முழுக்க அவர்கள் என்ன செய்தார்கள் என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டு தகவலும் அடிப்படையில் உண்மைதான், 90 என்ற எண் மட்டும் கொஞ்சம் கூடுதல். 90 என்ற எண் எங்கிருந்து வந்தது, ‘அழிந்தது’ என்றால் என்ன, ரெஜிமெண்ட் என்பது ஆட்களா பெயரா என்று மூன்றாகப் பிரித்துப் பார்த்தால் முடிச்சு அவிழ்ந்துவிடும்.

கல்லூரியில் இருபது வருஷத்துக்கு மேல் அமெரிக்க வரலாறு நடத்தியவன் நான். நடுவில் சில காலம் வட கரோலினாவின் ராலே நகரில் இருந்தபோது இந்த ரெஜிமெண்டின் ஆள் பதிவுகளைப் படிக்க வாய்ப்பு கிடைத்தது. கெட்டிஸ்பர்க் போர்க்களத்தையும் பலமுறை நடந்து பார்த்திருக்கிறேன். ராணுவத்தில் இருந்த அனுபவம் கிடையாது. அதனால் வியூகம், தளபதிகளின் புத்திசாலித்தனம் பற்றியெல்லாம் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. பட்டியல்களைப் படிப்பது ஓரளவு தெரியும், அதை வைத்தே பதில் சொல்கிறேன்.

குழப்பத்தில் பாதி நம் மொழிபெயர்ப்பில் இருக்கிறது. ‘கேஷுவாலிட்டி’ என்று எங்கே வந்தாலும் தமிழில் ‘உயிரிழப்பு’ என்று போட்டுவிடுகிறோம். நம் ஊர் ஆஸ்பத்திரியில் கேஷுவாலிட்டிக்குக் கொண்டுபோகிறவர் எல்லாம் செத்தவரா என்ன? ராணுவக் கணக்கில் அந்தச் சொல்லுக்குள் செத்தவர், காயம்பட்டவர், பிடிபட்டவர், காணாமல் போனவர் நால்வரும் அடக்கம். மறுநாள் காலை வரிசையில் நிற்க முடியாதவர் யாராக இருந்தாலும் அதில் சேர்த்தி. பழைய தமிழில் ‘ஆட்சேதம்’ என்று ஒரு சொல் உண்டு, அதுதான் இதற்குப் பொருத்தம். அந்த ஆட்சேதத்தில் ஒரு பெரிய பகுதி சில வாரத்திலோ சில மாதத்திலோ திரும்பி வந்துவிடும். கையில் குண்டு துளைத்தவர் வருவார். வழிதவறி வேறு படையோடு போய்ச் சேர்ந்தவரும் வருவார். காயம்பட்ட அண்ணனைத் தூக்கிக்கொண்டு பின்னால் போன தம்பி இரண்டு நாள் கழித்துத் தலைகாட்டுவார்.

அண்ணன் தம்பி என்று சும்மா சொல்லவில்லை. இந்த ரெஜிமெண்ட் 1861 ஆகஸ்ட் 27 அன்று ராலே பக்கத்தில் ஒரு முகாமில் அமைந்தது. மொத்தம் பத்து கம்பெனிகள். ஒவ்வொன்றும் ஏதாவது ஒரு கவுண்டியில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) திரட்டப்பட்டது. ஆஷ், வில்க்ஸ், கால்ட்வெல் ஆகியவை மேற்கே மலைப்பக்கம். சாத்தம், மூர், ஆன்சன், யூனியன், வேக் ஆகியவை மற்றவை. கால்ட்வெல், சாத்தம் இரண்டிலிருந்தும் இரண்டிரண்டு கம்பெனிகள் வந்தன. எண் எழுத்தோடு செல்லப் பெயரும் உண்டு. ஆன்சன்காரர்கள் தங்களை ‘பீ டீ காட்டுப்பூனைகள்’ என்று சொல்லிக்கொண்டார்கள். ஒரே கம்பெனியில் சித்தப்பா, மச்சான், பக்கத்து வீட்டுப் பையன், சர்ச்சில் கூட உட்கார்ந்தவர் என்று எல்லோரும் இருப்பார்கள். இதனால் கட்டுக்கோப்பு வரும். ஆனால் ஒரு கம்பெனி ஒரே நாளில் நொறுங்கினால் ஒரு கவுண்டி மொத்தமும் துக்க வீடாகும். கெட்டிஸ்பர்க்கில் அதுதான் நடந்தது.

அதிகாரிகளைச் சிப்பாய்களே ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். கர்னலாக வந்தவர் ஸெபுலன் வான்ஸ், அரசியல்வாதி. மாநிலம் பிரியக் கூடாது என்று கடைசிவரை பேசிவந்தவர். சம்டர் கோட்டையைத் தெற்குத் தரப்பு தாக்கிப் போர் தொடங்கிய பிறகு, அதிபர் லிங்கன் 75,000 பேரைத் திரட்ட அழைப்பு விடுத்ததும் மறுபக்கம் போனார். ராணுவப் பயிற்சி அவருக்குச் சுத்தமாகக் கிடையாது. பயிற்சியைக் கவனித்தவர் அடுத்த இடத்தில் இருந்த லெப்டினன்ட் கர்னல் ஹென்றி பர்க்வின். வயது 19. வர்ஜீனியா ராணுவக் கல்லூரியில் படித்து முடித்துவிட்டு நேராக வந்தவர். ரோனோக் ஆற்றங்கரையில் பெரிய தோட்டப் பண்ணையும் நூற்றுக்கு மேற்பட்ட அடிமைகளும் வைத்திருந்த குடும்பம். தாய் வழியில் பாஸ்டன்காரர், பிறந்ததே மாசசூசெட்ஸில். விடியற்காலையிலிருந்து அந்தி வரை பயிற்சி வாங்கியதால் சிப்பாய்களுக்கு அவரைக் கண்டாலே ஆகவில்லை. முதல் சண்டையிலேயே நம்மில் ஒருவன் அவரைச் சுட்டுவிடுவான் என்று பேசிக்கொண்டார்களாம். மூன்றாவதாக ஒருவரையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: சாத்தம் கவுண்டி விவசாயி ஜான் லேன். சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்து, கேப்டனாகி, பிறகு பர்க்வினுக்கு அடுத்த இடத்துக்கு வந்தவர்.

எல்லோரும் விரும்பித்தான் சேர்ந்தார்களா என்றால், இல்லை. இதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் கால்ட்வெல்காரர்களின் எஃப் கம்பெனியின் பதிவில் இருக்கிறது. 1862 மார்ச்சில் கீத் பிளாலாக் என்பவர் சேர்கிறார். கூடவே ‘சாம்’ என்று தம்பி ஒருவன். கீத்துக்கு உள்ளூர வடக்குத் தரப்பின் மேல்தான் ஈடுபாடு. தப்பிக்க வழி தேடி, உடம்பில் பட்டால் தடிப்பேறும் ஒரு காட்டுச் செடியில் புரண்டு எழுந்தார். தோல் முழுக்கக் கொப்புளம். தொற்றுநோய் என்று பயந்து மருத்துவர் அவரை விடுவித்தார். உடனே ‘தம்பி’ வந்து, நான் தம்பி இல்லை, அவருடைய மனைவி மாலிண்டா என்று சொன்னார். ஏப்ரல் 20 அன்று அவரையும் அனுப்பிவிட்டார்கள். இதை யாரோ கட்டிவிட்ட கதை என்று நினைக்க வேண்டாம். ஒரு பெண் ஆண் உடையில் வந்து, சேர்க்கைப் பணம் வாங்கி, சிப்பாயின் வேலையெல்லாம் செய்து, கணவர் விடுதலையானதும் உண்மையைச் சொல்லிப் பணத்தையும் திருப்பிக் கொடுத்தார் என்று பதிவிலேயே குறிப்பு இருக்கிறது. செடியில் புரண்ட பகுதி மட்டும் பிற்பாடு சொல்லப்பட்டது. அப்புறம் அந்தத் தம்பதி மலைக்குப் போய் வடக்குத் தரப்புக்காக மறைந்திருந்து போரிட்டார்கள்.

முதல் குளிர்காலத்தைக் கடற்கரையில், ஃபோர்ட் மேக்கன் பக்கத்து மணல் தீவில் கழித்தார்கள். எதிரி வரவில்லை, தட்டம்மை வந்தது. கிராமத்தை விட்டு வெளியே வராத பையன்கள் ஒரே முகாமில் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தால் வேறென்ன நடக்கும்? அந்தப் போர் முழுவதிலும் குண்டைவிட நோய்தான் அதிகம் பேரைக் கொன்றது. 1862 மார்ச் 14 அன்று நியூபெர்னில் முதல் சண்டை. தெற்குப் படை தோற்றது. பின்வாங்கும்போது பாலம் எரிந்துகொண்டிருந்தது. பிரைஸ் ஓடையைச் சில சின்னப் படகுகளை வைத்து, சிலர் சிலராகக் கடந்தார்கள். சிலர் மூழ்கிப்போனார்கள். பர்க்வின் எல்லோரையும் ஏற்றி அனுப்பிவிட்டுக் கடைசியாக ஏறினார் என்பதுதான் சிப்பாய்களுக்கு மறக்காத விஷயம். அதற்குப் பிறகு அவரைச் சுடும் பேச்சு இல்லை. ஜூலை 1 அன்று ரிச்மண்ட் அருகே மால்வர்ன் ஹில்லில், இருட்டும் நேரத்தில் பீரங்கிகளுக்கு எதிரே மேட்டில் ஏறினார்கள். பலன் ஒன்றும் இல்லை.

1862 ஆகஸ்டில் வான்ஸ் மாநில ஆளுநராகத் தேர்வாகிப் போய்விட்டார். அடுத்த கர்னல் பர்க்வின்தான், அப்போதும் அவருக்கு 21 முடியவில்லை. பிரிகேட் என்றால் சில ரெஜிமெண்ட்கள் சேர்ந்த படை; அதன் தலைவராக இருந்த ராபர்ட் ரான்சம், ‘பையன் கர்னல் எல்லாம் எனக்கு வேண்டாம்’ என்கிற மாதிரி சொன்னதாகச் செய்தி. ரெஜிமெண்ட் ஜான்ஸ்டன் பெட்டிக்ரூவின் பிரிகேடுக்கு மாற்றப்பட்டது. அடுத்த எட்டு ஒன்பது மாதம் வட கரோலினாவின் கிழக்குப் பகுதியில் காவல், சின்னச் சின்ன மோதல்கள். காணொளிக்காரர்கள் தொடாத பகுதி இது, நானும் அதிகம் சொல்வதற்கில்லை. ஆனால் அதன் விளைவு முக்கியம். தெற்கின் தளபதி ராபர்ட் லீயின் படை ஆன்டீட்டம், சான்சலர்ஸ்வில் என்று தேய்ந்துகொண்டிருந்தபோது இந்த ரெஜிமெண்ட் தேயவில்லை. 1863 ஜூனில் அதில் வந்து சேர்ந்தபோது 800க்கு மேல் ஆட்கள் இருந்தார்கள். அப்போது லீயின் ரெஜிமெண்ட்கள் பலவற்றில் முன்னூறு நானூறு பேர்தான். அதிகம் பேர் இருந்ததால்தான் இழப்பிலும் இவர்கள் முதலிடம். அதைச் சொல்லாமல் எண்ணை மட்டும் சொன்னால் கதை கோணலாகிவிடும்.

கெட்டிஸ்பர்க்கின் முதல் நாளான 1863 ஜூலை 1 காலையில் தெற்குத் தரப்பின் வேறு இரண்டு பிரிகேட்கள் அடிவாங்கித் திரும்பின. 26ஆவது ரெஜிமெண்ட் எதிர்மேட்டில் வெயிலில் பிற்பகல் வரை காத்திருந்தது. எதிரே ஹெர்ப்ஸ்ட் தோப்பு. அதற்குள் வடக்குப் படையின் கறுப்புத் தொப்பி அணிந்த ‘இரும்பு பிரிகேட்’, அதிலும் நேர் எதிரே 24ஆவது மிச்சிகன் ரெஜிமெண்ட். நடுவில் வில்லோபி ஓடை. முதல்முறை போனபோது ‘இதுதானா அது’ என்று எனக்கு ஏமாற்றமாக இருந்தது. ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு கடந்துவிடலாம், அவ்வளவுதான் தண்ணீர். பிறகு ஓடைக்குள் நின்று மேலே பார்த்தேன். கரையில் முள்புதர், அதற்கு மேலே சரிவு, சரிவில் மரங்கள். மேலே நிற்பவனுக்கு ஓடையில் இறங்குகிறவன் தலையும் மார்பும் அப்படியே தெரியும். வரிசை கலையாமல் புதரை விலக்கிக்கொண்டு ஏற வேண்டும். அன்றைய துப்பாக்கியைக் குழாய் வழியாகத்தான் நிரப்ப வேண்டும், நிமிஷத்துக்கு மூன்று குண்டு சுட்டால் நல்ல சிப்பாய். அவ்வளவு மெதுவான ஆயுதத்தை வைத்துக்கொண்டு, சில கட்டங்களில் இருபது முப்பது தப்படி தூரத்தில் நின்று இரண்டு பக்கமும் மாறி மாறிச் சுட்டார்கள்.

கொடி பிடித்தவர்கள் வரிசையாக விழுந்தார்கள். கொடி எங்கே போகிறதோ அங்கேதான் ரெஜிமெண்ட் போகும். புகையில் வேறு அடையாளம் கிடையாது. அதனால் எதிரி முதலில் குறிவைப்பதும் கொடியைத்தான். பெட்டிக்ரூவின் பாராட்டைச் சொல்ல வந்த கேப்டன் மெக்ரீரி கொடியைத் தானே தூக்கினார், அங்கேயே செத்தார். பிறகு பர்க்வின் எடுத்தார். பி கம்பெனியின் ஃபிராங்க் ஹனிகட் என்ற சிப்பாயிடம் கொடுக்கத் திரும்பிய கணத்தில் குண்டு அவர் விலாவில் பாய்ந்து நுரையீரலைத் துளைத்தது. ஹனிகட்டும் செத்தார். பிறகு லேன். இந்தக் கொடியை எடுத்தவன் பிழைக்க முடியாது என்று ஒரு அதிகாரி தடுத்தும் கேட்காமல் எடுத்தார். மிச்சிகன் படை தோப்பைவிட்டுப் பின்வாங்கும் நேரத்தில், தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்தபோது பின்கழுத்தில் குண்டு நுழைந்து தாடை வழியாக வெளியே வந்தது. செத்துவிட்டார் என்றே எல்லோரும் நினைத்தார்கள். அன்று கொடியோடு விழுந்தவர்கள் 13 அல்லது 14 பேர் என்று மரபாகச் சொல்வார்கள்.

பர்க்வின் இரண்டு மணி நேரத்துக்குள் இறந்தார். துப்பாக்கிகள் வந்த மரப்பெட்டியில் வைத்து ஒரு வால்நட் மரத்தடியில் புதைத்தார்கள். 1867இல் எடுத்து வந்து ராலேயின் ஓக்வுட் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். ராலேயில் இருந்தபோது சாயங்கால நடைக்கு அடிக்கடி அந்தப் பக்கம் போவேன். பிறப்பு 1841, இறப்பு 1863.

இப்போது எண்களுக்கு வருவோம். உறுதியான அடிப்படை இரண்டு. ஒன்று, லீயின் படை மருத்துவப் பிரிவு கொடுத்த கணக்கு: 86 பேர் மரணம், 502 பேர் காயம், ஆக 588. இதில் காணாமல் போனவர்கள் சேரவில்லை. அவர்கள் 120 பேர் அளவில் இருக்கும் என்று 1889இல் இரு தரப்பு இழப்புகளையும் தொகுத்த வில்லியம் ஃபாக்ஸ் குறிப்பிடுகிறார். அவர் வடக்குப் படையில் அதிகாரியாக இருந்தவர், தெற்கைத் தூக்கிப்பிடிக்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. இரண்டு, ரெஜிமெண்டின் குவார்ட்டர்மாஸ்டர் (உணவு, உடை, பொருட்களைக் கவனிக்கும் அதிகாரி) ஜே. ஜே. யங் ஜூலை 4 அன்று எழுதிய அறிக்கை: 800க்கு மேல் போனோம், முதல் நாள் முடிவில் 216 பேர் மிஞ்சினோம், மூன்றாம் நாளுக்குப் பிறகு 80 பேர். உங்கள் 90 சதவீதம் பிறந்தது இங்கேதான். எண்ணூறில் எண்பது மிச்சம், ஆகவே தொண்ணூறு சதவீதம் போனது என்று யாரோ வகுத்துவிட்டார்கள். அந்த எண்பது, போர் ஓய்ந்த மறுநாள் கையெட்டும் தூரத்தில் இருந்தவர்களின் எண்ணிக்கை. பிற்கால ஆய்வாளர்கள் ஒவ்வொரு பெயராகத் தேடிச் சரிபார்த்து, ஏறக்குறைய 840 பேரில் 690க்கு நெருக்கமான ஆட்சேதம் என்கிறார்கள். அதாவது எண்பது சதவீதத்தை ஒட்டி. கெட்டிஸ்பர்க்கில் வேறெந்த ரெஜிமெண்டும் இவ்வளவு பேரை இழக்கவில்லை என்பதில் தகராறு இல்லை. எதிரே நின்ற 24ஆவது மிச்சிகன் 496 பேரில் 363 பேரை இழந்தது. அதையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்தத் தோப்பில் நடந்தது முழுதாக விளங்கும்.

இனி சந்தேகக் கணக்கு. எஃப் கம்பெனியில் போன 91 பேரில் ஒருவர்கூடத் தப்பவில்லை, எல்லோரும் செத்தார்கள் அல்லது காயம்பட்டார்கள் என்று சொல்வார்கள். ஃபாக்ஸ் கொடுக்கும் கணக்கில் 3 அதிகாரிகள், 84 சிப்பாய்கள்; அதில் 83 சிப்பாய்களும் அதிகாரிகள் அனைவரும் அடிபட்டார்கள். பட்டியல் எழுதிய சார்ஜெண்டுக்கே இரண்டு காலிலும் குண்டு பட்டிருந்தது என்றும் ஒரு குறிப்பு. கம்பெனி கிட்டத்தட்ட முழுக்க விழுந்தது என்பதை ஏற்றுக்கொள்ளலாம், ‘ஒருவர்கூட’ என்பதைச் சத்தியமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இன்னொன்று, லேனைச் சுட்டது மிச்சிகன் சார்ஜெண்ட் சார்லஸ் மெக்கானல் என்பது. 1903இல், நாற்பதாவது ஆண்டு விழாவில், இருவரும் கெட்டிஸ்பர்க்கில் சந்தித்தார்கள். கைகுலுக்கிய படம்கூட இருக்கிறது. சந்திப்பு நடந்தது உறுதி. ஆனால் அத்தனை புகையில், அத்தனை துப்பாக்கிகளுக்கு நடுவே, அந்தக் குண்டு இவருடையதுதான் என்பது இரண்டு கிழவர்கள் நாற்பது வருஷம் கழித்துச் சேர்ந்து நம்பிய ஒரு விஷயம். அதற்கு மேல் நான் அதைத் தள்ளமாட்டேன்.

ஜூலை 3 தாக்குதலைப் ‘பிக்கெட் தாக்குதல்’ என்று சொல்வதே வட கரோலினாக்காரர்களுக்குப் பிடிக்காது. போனவர்களில் பாதிக்கும் மேல் வர்ஜீனியா ஜெனரல் பிக்கெட்டின் ஆட்கள் இல்லை. சில பிரிகேட்கள் சேர்ந்த டிவிஷனின் தலைவர் ஹெத் காயம்பட்டிருந்ததால் பெட்டிக்ரூ டிவிஷனை நடத்தினார். பிரிகேடை ஜேம்ஸ் மார்ஷல் நடத்திச் செத்தார். 26ஆவது ரெஜிமெண்டின் மிச்சத்தை மேஜர் ஜான் ஜோன்ஸ் நடத்தினார். முக்கால் மைலுக்கு மேல் திறந்த வெளி, குறுக்கே சாலையும் வேலியும். எதிரி நின்ற கல் மதில் வரை கொடியோடு போய்ச் சேர்ந்த இருவரை வடக்குப் படையினர் சுடாமல் கைகொடுத்து உள்ளே இழுத்துக்கொண்டார்கள் என்று கதை. கொடி பிடிபட்டது என்பது உறுதி. யார் அதிக தூரம் முன்னேறியது என்று வர்ஜீனியாவும் வட கரோலினாவும் போட்ட சண்டை போர் முடிந்தும் பல பத்தாண்டு ஓடியது. அந்த இடத்தில் மதில் பின்வாங்கி மடிகிறது, அதனால் இரண்டு பேருக்கும் அளந்து காட்ட ஒரு கணக்கு கிடைத்துவிட்டது. எனக்கு அதில் ஆர்வம் போய் வெகுகாலமாகிறது. பெட்டிக்ரூ ஜூலை 14 அன்று போட்டோமாக் ஆற்றைக் கடக்கும் இடத்தில், ஃபாலிங் வாட்டர்ஸில், குண்டடிபட்டு மூன்று நாள் கழித்து இறந்தார். பிரிகேடில் இன்னும் பலர் அங்கே பிடிபட்டார்கள்.

சரி, அந்த எண்பது எப்படி மறுபடி ரெஜிமெண்ட் ஆயிற்று? தொலைந்தவர்கள் சில நாட்களில் வந்தார்கள். லேசான காயம்பட்டவர்கள் இலையுதிர் காலத்துக்குள் வந்தார்கள். செத்தார் என்று நினைத்த லேனும் வந்தார், கர்னலாக. மீதி இடத்தை நிரப்பியவர்கள் கட்டாயச் சேர்க்கையில் வந்தவர்கள். 1862 ஏப்ரல் சட்டம் 18 முதல் 35 வயது வரை இழுத்தது, செப்டம்பரில் 45 ஆக்கினார்கள், 1864 பிப்ரவரியில் 17 முதல் 50. இருபது அடிமைகள் உள்ள பண்ணைக்கு ஒரு வெள்ளையருக்கு விலக்கு என்று 1862 அக்டோபரில் ஒரு விதி வந்தது. மலை விவசாயிக்கு அதைக் கேட்டு எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. வில்க்ஸ் கவுண்டியில் தப்பியோடியவர்கள் கூட்டம் கூட்டமாகத் திரிந்தார்கள்.

இதெல்லாம் ஆள் அட்டைகளில் தெரியும். சம்பளத்துக்காக இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பேர் கூப்பிட்டுப் பட்டியல் எழுதுவார்கள். சிப்பாய்க்கு மாதம் 11 டாலர். போருக்குப் பிறகு அந்தப் பட்டியல்கள் வாஷிங்டனுக்குப் போயின. அங்கே எழுத்தர்கள் உட்கார்ந்து ஒவ்வொரு சிப்பாய்க்கும் ஒவ்வொரு பட்டியலிலிருந்தும் ஓர் அட்டை எழுதினார்கள். வரிசையாகப் புரட்டினால் ஆஜர், ஆஜர், ஆஸ்பத்திரி, லீவு சொல்லாமல் போனவர், ஆஜர் என்று போய்க்கொண்டே இருக்கும். ஒரு நாள் மத்தியானம் ஒரே ஆளின் அட்டைகளில் ‘ஓடிப்போனவர்’ என்றும், இரண்டு அட்டை தள்ளி ‘ஆஜர்’ என்றும் பார்த்தேன். அறுப்புக்கு வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பியிருப்பாரோ என்று எனக்குத் தோன்றியது. அட்டையில் காரணம் எழுதும் கட்டம் கிடையாது.

அதற்குப் பிறகான பதினெட்டு மாதம் இன்னொரு ரெஜிமெண்டின் கதை என்றே சொல்லலாம், பெயர் மட்டும் அதே. 1863 அக்டோபர் 14 அன்று பிரிஸ்டோ ஸ்டேஷனில், ரயில்பாதை மேட்டுக்குப் பின்னால் எதிரி மறைந்திருப்பதைப் பார்க்காமல் ஜெனரல் ஹில் அவசரப்பட்டு அனுப்பிய இரண்டு வட கரோலினா பிரிகேட்களில் இவர்களுடையதும் ஒன்று. ஒரு மணி நேரத்துக்குள் ஆயிரத்துக்கு மேல் ஆட்சேதம். 1864 மே மாதம் வில்டர்னஸ் காட்டுச் சண்டையில் ஜான் ஜோன்ஸ் உயிரிழந்தார். பிறகு ஸ்பாட்சில்வேனியா, கோல்ட் ஹார்பர், அதையடுத்துப் பீட்டர்ஸ்பர்க் பதுங்குகுழி வாழ்க்கை. ஆகஸ்ட் 25 ரீம்ஸ் ஸ்டேஷனில் வெற்றி. வட கரோலினா பிரிகேட்களைப் பாராட்டி லீ ஆளுநர் வான்ஸுக்கு எழுதினார். லேன் அங்கே மறுபடி காயம்பட்டார். அக்டோபர் 27 பர்ஜஸ் மில்லில் சுற்றிவளைக்கப்பட்டுப் பலர் பிடிபட்டார்கள், இன்னொரு கொடியும் போயிற்று. பிடிபட்டவர்கள் முன்பு போல் கைதிப் பரிமாற்றத்தில் திரும்பி வருவதும் அப்போது நின்றுபோயிருந்தது. பிடிபட்ட கறுப்பினச் சிப்பாய்களைப் போர்க்கைதிகளாக நடத்தத் தெற்கு மறுத்தது அதற்கு முக்கியக் காரணம்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் இதை விட்டுவிட்டுப் பதிலை முடிக்க எனக்கு மனமில்லை. வீரம் பேசும் காணொளிகள் எதற்காகச் சண்டை என்பதை நைசாகத் தாண்டிப் போகும். முதலில் பிரிந்த மாநிலங்களில் மிசிசிப்பி போன்றவை, அடிமை முறையைக் காக்கவே பிரிகிறோம் என்று தங்கள் பிரகடனத்திலேயே எழுதிவைத்தன. வட கரோலினா 1861 மே 20 அன்று தாமதமாகச் சேர்ந்தது. அங்கும் 1860 கணக்கெடுப்பில் மூன்றில் ஒருவர் அடிமை. எஃப் கம்பெனியின் மலையாட்களில் பலருக்கு அடிமைகள் கிடையாது என்பது உண்மை. அவர்கள் எந்த அரசுக்காகச் சுட்டார்கள் என்பதை அது மாற்றாது. பர்க்வினோடு கடைசிவரை முகாமில் இருந்தவர் கின்சியன் என்ற அடிமை. கர்னல் இறந்ததும் அவருடைய உடைமைகளை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் அவர்தான். இப்படிப்பட்டவர்களைக் ‘கறுப்பினக் கான்ஃபெடரேட் வீரர்’ என்று இன்று எண்ணிக்காட்டுகிறவர்கள் உண்டு. அவர் சம்பளப் பட்டியலில் இருந்த சிப்பாய் இல்லை, எஜமானனோடு கூட்டிவரப்பட்டவர். அவர் மனதில் என்ன இருந்தது என்பதை எஜமானன் வீட்டுக் கடிதங்களை வைத்துச் சொல்ல முடியாது.

1865 ஏப்ரல் 9 அன்று அப்பமாட்டாக்ஸில் சரணடைந்தபோது 26ஆவது ரெஜிமெண்டில் 10 அதிகாரிகள், 121 சிப்பாய்கள். ஆக 131. ஜூலை 4 அன்று எண்பது, இரண்டு வருஷம் சண்டை போட்ட பிறகு 131. உங்களைக் குழப்பியது இதுதான். எண்பது ஒரு காலைப் பொழுதின் கணக்கு. 131 ஒரு சரணடைதலின் கணக்கு. நடுவில் அந்தப் பெயருக்குள் புதிதாக வந்தவர்களும் போனவர்களும் இரண்டு எண்ணிலும் தெரியமாட்டார்கள்.

அந்த 131கூட முழுசானது இல்லை. இந்த ரெஜிமெண்டுக்கு ஒரு வாத்தியக் குழு உண்டு. வட கரோலினாவில் இருக்கும் சேலம் என்ற ஊரின் மொராவியன் சர்ச் (ஒரு கிறிஸ்தவச் சபை) இசைக்காரர்கள், தலைவர் சாமுவேல் மிக்கி. சண்டை நேரத்தில் மருத்துவமனைக் கூடாரத்தில் காயம்பட்டவர்களைத் தூக்குவது இவர்கள் வேலை. ஜூலை 2 அன்று, முந்தைய நாள் விழுந்தவர்களுக்குக் கட்டுப்போட்டுக்கொண்டிருந்தவர்களை வாசிக்கக் கூப்பிட்டார்கள். குண்டுகள் மேலே பறக்க, போல்காவும் வால்ட்ஸும் வாசித்தார்கள். அன்று அங்கிருந்த ஃப்ரீமாண்டில் என்ற பிரிட்டிஷ் அதிகாரி, அந்தச் சத்தத்துக்கு நடுவே நடன இசை கேட்டது விநோதமாக இருந்தது என்று எழுதிவைத்திருக்கிறார். போரின் கடைசிவரை கூடவே வந்த இந்தக் குழு, பீட்டர்ஸ்பர்க்கை விட்டுப் பின்வாங்கும்போது வழியில் பிடிபட்டு பாயிண்ட் லுக்அவுட் சிறைக்குப் போனது. அவர்களுடைய இசைக் குறிப்பேடுகள் இன்றும் வின்ஸ்டன்-சேலத்தில் இருக்கின்றன. அப்பமாட்டாக்ஸ் பட்டியலில் அவர்கள் பெயர் இல்லை.